ஸ்பெக்ட்ரம் திரையில் நிறங்கள் ஏன் மோதிக்கொண்டன?

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியில் கேம் ஆடிப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. வெள்ளை நிற ஆள் ஒருவன் பச்சை மரத்தைக் கடந்து நடப்பான், அவன் கிட்டே வந்ததும் மரத்தில் ஒரு சதுரத் துண்டு மட்டும் வெள்ளையாகிவிடும், அவன் நகர்ந்ததும் பழையபடி பச்சை. அந்தக் கணினியின் பெரிய குறை இதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ உள்ளே இறங்கிப் பார்க்கப் பார்க்க, அந்தக் காசுக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக யாரும் செய்திருக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜில் இருந்த சின்க்ளேர் ரிசர்ச் 1982 ஏப்ரலில் இதை வெளியிட்டது. 16 கிலோபைட் மெமரி இருந்தால் 125 பவுண்டு, 48 என்றால் 175. ரப்பர் சாவிகள், 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ ப்ராசசர், வீட்டு டிவிதான் திரை, நிரலை ஏற்ற கேசட் ரெக்கார்டர்.

இப்போது கணக்குக்கு வருவோம். திரை 256க்கு 192, மொத்தம் 49,152 பிக்சல். ஒவ்வொன்றும் 16 நிறங்களில் ஏதோ ஒன்றாக இருக்கலாம் என்றால் தலா 4 பிட் வேண்டும், அதற்கே 24 கிலோபைட் போய்விடும், சின்ன மாடலின் மொத்த மெமரியே அவ்வளவு கிடையாது. அதனால் ஹார்டுவேரை வடிவமைத்த ரிச்சர்ட் ஆல்ட்வாஸர் உருவத்தையும் நிறத்தையும் பிரித்துவிட்டார். பிக்சலுக்கு ஒரே பிட்: அது இங்க்கா (வரையும் நிறம்), பேப்பரா (பின்னணி நிறம்), அவ்வளவுதான். இதற்கு 6,144 பைட். எந்த நிற இங்க், எந்த நிறப் பேப்பர் என்பதை 8க்கு 8 பிக்சல் கட்டம் ஒன்றுக்கு ஒரு பைட் சொல்லும்: தலா 3 பிட், மீதி இரண்டில் ஒன்று பளிச்சென்று காட்ட, ஒன்று மினுக்க. 768 கட்டம், 768 பைட். ஆக முழு வண்ணத் திரையும் 6,912 பைட்டில் முடிந்தது. ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறம் என்பதால், நடந்து வரும் ஆள் மரத்தின் கட்டத்தில் கால் வைத்தால் ஏதாவது ஒரு நிறம் தோற்றுத்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் படித்து டிவிக்கு அனுப்பும் வேலை ஃபெரான்டி செய்த யூஎல்ஏ என்ற ஒற்றைச் சிப்புக்கு. மெமரி சிப்புக்கு முகவரியை இரண்டு பாதியாகக் கொடுக்க வேண்டும், முதலில் வரிசை எண், அப்புறம் நெடுவரிசை எண். உருவப் பைட்டுக்கும் அதற்குரிய நிறப் பைட்டுக்கும் வரிசை எண் ஒன்றாகவே வரும்படி திரையை மெமரியில் அடுக்கியிருக்கிறார்கள். வரிசையை ஒரு தடவை சொன்னால் போதும், இரண்டு பைட்டும் அடுத்தடுத்துக் கிடைத்துவிடும். இந்த அடுக்கை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். கேசட்டிலிருந்து படம் ஏறும்போது திரையின் மேல் மூன்றிலொரு பாகத்தில் எட்டு வரிக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள் விழும், திரும்ப மேலே போய் அவற்றுக்கு அடுத்த வரிகள், இப்படியே அந்தப் பாகம் நிரம்பி, அடுத்த பாகம், அதற்கடுத்தது, எல்லாம் கருப்பு வெள்ளையில் முடிந்த பிறகு மேலிருந்து கீழே மளமளவென்று நிறம் ஏறும். மெமரியில் அடுக்கியிருக்கும் முறைதான் அது.

யூஎல்ஏ திரையைப் படிக்கும் நேரத்தில் ப்ராசசரும் திரை இருக்கும் அதே 16 கிலோபைட்டுக்குள் வந்தால், யூஎல்ஏ ப்ராசசரின் கடிகாரத் துடிப்பையே நிறுத்திக் காக்க வைக்கும். பெரிய மாடலில் கூடுதலாக உள்ள 32 கிலோபைட்டில் இந்தத் தொல்லை இல்லை. அந்த 32 கிலோபைட்டுக்கு, பாதி பழுதான 64 கிலோபிட் சிப்புகளை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள், இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நிற மோதலைத் தவிர்க்க 1984-ல் வந்த 'நைட் லோர்' என்ற கேம் ஆடுகளத்தையே ஒரே நிறத்தில் வரைந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் இன்னும் துணிந்தார்கள். ஒரு கட்டத்துக்கு எட்டு வரி, ஒவ்வொரு வரிக்கும் யூஎல்ஏ அதே நிறப் பைட்டைத் திரும்பப் படிக்கிறது. இரண்டு படிப்புகளுக்கு நடுவே அந்தப் பைட்டை மாற்றிவிட்டால் ஒரே கட்டத்துக்குள் வரிக்கு வரி வேறு நிறம். ஒரு வரிக்கு 224 கடிகாரத் துடிப்புதான் அவகாசம், ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் படம் கலைந்துவிடும், அதனால் அந்த நிரலை ப்ராசசரை யாரும் தடுக்காத மேல் 32 கிலோபைட்டில்தான் வைக்கிறார்கள்.