கானாவின் முதலீட்டை எண்ணுவோர் கவனத்திற்கு

கானாவின் தேசிய முதலீடு பற்றி இன்னொரு ஆய்வேடு சென்ற வாரம் என் மேசைக்கு வந்தது. உள்ளே இருந்ததோ அந்நாட்டு முதலீட்டு ஊக்குவிப்பு மையத்தின் அந்நிய நேரடி முதலீட்டுப் பட்டியல் மட்டும். இதே கூத்தைப் பலமுறை பார்த்தாயிற்று. தேசியக் கணக்குகளோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பாகிவிட்டதால், பொறுமையிழந்து எழுதுகிறேன்.

அந்நிய நேரடி முதலீட்டில் பார்ப்பது பணம் எங்கிருந்து வந்தது என்பதை. தேசிய முதலீட்டில் பார்ப்பது உள்நாட்டில் என்ன எழுந்தது என்பதை: கட்டடம், சாலை, இயந்திரம், மென்பொருள், இன்னும் காய்க்காத கோகோத் தோட்டம் வரை. தலைநகர் அக்ராவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு வங்கியின் பங்குகளை வெளிநாட்டு நிறுவனம் வாங்கினால், கோடிக்கணக்கில் அந்நிய முதலீடு பதிவாகும்; புதிதாக ஒரு கல்கூட வைத்திருக்க மாட்டார்கள். குமாசியில் ஒரு வணிகர் சொந்தச் சேமிப்பில் கட்டும் கிடங்கு முழுக்க முழுக்க முதலீடு. அந்தப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. போதாக்குறைக்கு, மையம் தருவது பதிவான திட்டங்களின் உத்தேச மதிப்பு. வேலை தொடங்கியதா, பாதியில் நின்றதா என்பது அதில் தெரியாது. நிலம் வாங்குவதும் முதலீடு இல்லை; கைமாறுகிறது, அவ்வளவே. (பத்திரச் செலவும் தரகும் மட்டும் கணக்கில் ஏறும். தேர்வில் கேட்பார்கள்.)

அரசுச் செலவும் பெரிய நிறுவனங்களின் செலவும் ஏடுகளில் கிடைத்துவிடும். திணறவைப்பது வீடுகள். அக்ராவின் புறநகர்களில் கையில் காசு சேரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக சிமெண்ட் பிளாக் வாங்கி மனையில் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் சுவரை உயர்த்துவார்கள். கூரையில்லாத சுவருக்கு மேலே துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வங்கிக் கடன் இல்லை, பல நேரம் கட்டட அனுமதியும் இல்லை. காகிதமே இல்லாததை எப்படி எண்ணுவது? தேமா, டகொராடி துறைமுகங்களில் இறங்கிய கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் மூலப்பொருள்), விற்ற சிமெண்ட், வந்த இரும்பு ஆகியவற்றை வைத்துக் கட்டுமானத்தை மதிப்பிட வேண்டியதுதான். அந்த சிமெண்டில் எவ்வளவு பழைய சுவரைப் பூசப் போனது என்பதற்கு ஓர் அனுமானம் இருக்கும். அனுமானத்தை மாற்றினால் நாட்டின் முதலீடும் மாறும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு வாதாடுபவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

வாகனங்களும் அப்படியே. ஐரோப்பாவில் ஓடித் தேய்ந்த வேன் கானாவில் 'ட்ரோட்ரோ'வாகப் பயணிகளை ஏற்றினால் முதலீடு. பழையதானாலும் நாட்டுக்குப் புதிது. அதையே ஒரு குடும்பம் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டால் நுகர்வு. சுங்க ஆவணத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

முதலீடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்ற விகிதத்தில் கை வைக்குமுன் அடிப்படை ஆண்டை, அதாவது கணக்கு எந்த ஆண்டை அளவுகோலாகக் கொள்கிறது என்பதைப் பாருங்கள். 2010 நவம்பரில் கானா அதை 1993இலிருந்து 2006க்கு மாற்றியதும் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 60 சதவீதம் கூடியது. முதலீட்டுத் தொகை அப்படியே இருந்தால், 25 சதவீத விகிதம் 16க்கும் கீழே இறங்கிவிடும். உடனே 'முதலீடு சரிந்தது' என்று தலைப்புப் போடாதீர்கள். பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒரே வரைபடத்தில் ஒட்டாதீர்கள். பணவீக்கம் 2022 டிசம்பரில் 54.1 சதவீதத்தைத் தொட்ட நாடு அது. அந்தந்த ஆண்டின் விலையில் போட்ட நடப்பு விலை எண்ணை நம்பாமல், விலையேற்றத்தை நீக்கிய நிலை விலைத் தொடரைத் தேடுங்கள். கையிருப்புச் சரக்கின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் 'இருப்பில் மாற்றம்' என்ற வரி பல நாடுகளில் கணக்கு இடிக்கும்போது சரிக்கட்டப் போடும் மிச்சம். அதை வைத்துக் கதை கட்டவே கூடாது.

ஒரு நாட்டின் இறக்குமதிக்குச் சுங்கத் தரவு கிடைக்காதபோது, அதற்கு விற்ற நாட்டின் ஏற்றுமதிக் கணக்கை எடுத்துக்கொள்வதும் வழக்கம். லைபீரியாவுக்கு அப்படிச் செய்தால் கொரியாவும் ஜப்பானும் அனுப்பிய கப்பல்கள் மலைபோல் வந்து நிற்கும். பதிவு மட்டும் அங்கே, அதனால் கொடிதான் லைபீரியாவுடையது, முதலாளி வேறெங்கோ இருப்பார், கப்பல் தலைநகர் மன்ரோவியாவை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. தம்பி, தங்கைகளே, தயவுசெய்து பட்டியலில் கப்பல்கள் உள்ள வரிசையை முதலில் நீக்கிவிட்டுக் கூட்டத் தொடங்குங்கள்.