வண்டி ரெடி சார், ஆர்.சி. புக்தான் இல்லை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புச் சாளையில் வருஷக்கணக்காகக் கோழி அடைந்த புல்லட் ஒன்றைப் போன வருஷம் ஒரு தம்பி விலை பேசி வாங்கினார். இன்ஜின் வேலை, குரோம், சீட், பெட்ரோல் டேங்கில் தங்கக் கோடு எல்லாம் முடித்து, வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்ற பிறகுதான் என்னிடம் வந்தார். “வண்டி ரெடி சார். பேர் மாத்தணும்” என்றார். ஆர்.சி. புக்கைக் கேட்டேன். “அதுதான் சார் இல்லை.”

பாலக்காடு மாவட்டச் சித்தூரில் வக்கீல் தொழில் பார்க்கிற எனக்கு இந்த வாக்கியம் பழகிப்போனது. காசு முழுவதும் வண்டியில் இறங்கிய பிறகுதான் காகிதம் ஞாபகத்துக்கு வருகிறது.

பலர் செய்தியில் ‘விண்டேஜ் பதிவு’ என்று பார்த்துவிட்டு, காகிதம் இல்லாத வண்டிக்கு அரசு திறந்துவிட்ட வாசல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விதிகள் அவை. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்கும் வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்து வரும் நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். ஆனால் இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி.யைக் கேட்பார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிக் காகிதம். காகிதம் இல்லாவிட்டால் வண்டிக்கு 50 வயது என்பதையே எதை வைத்துச் சொல்வது? இன்னொன்று: விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் இறக்கலாம். தினமும் தோப்புக்குப் போய்வர ஆசைப்படுபவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

“அப்போ புது வண்டி மாதிரியே ரிஜிஸ்டர் பண்ணிடலாமே” என்பார்கள். அதற்குப் படிவம் 21 வேண்டும், விற்றவர் தரும் சான்று. மைசூரில் ஜாவா, யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா 1996இலேயே மூடிவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது?

மிச்சம் இருப்பது ஒரே வழி. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரைத் தேடிப் பிடிப்பது.

நம்பர் பிளேட்டே பாதி வழி காட்டும். கே.எல்.பி. என்று தொடங்கினால் பழைய பாலக்காட்டுப் பதிவு. அதற்கும் முந்தைய வண்டி என்றால் நம் ஊரில் கொஞ்சம் சிக்கல்தான். 1956 நவம்பருக்கு முன் பாலக்காடு தாலுகா மலபாரில், அதாவது சென்னை மாநிலத்தில் இருந்தது. சித்தூரோ கொச்சியோடு சேர்ந்தது. பத்து மைல் இடைவெளியில் இரண்டு வேறு சர்க்கார்களின் பதிவேடுகள்! அலுவலகங்களும் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. சித்தூருக்கு இன்று கே.எல். 70, முன்பு எல்லாம் பாலக்காடுதான். பொள்ளாச்சி வண்டி என்றால் கோவையில் தேட வேண்டியிருக்கலாம்.

தம்பியின் வண்டிக்கு வருகிறேன். சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரின்ட் எடுத்து வரச் சொன்னேன். ஹேண்டிலுக்குக் கீழே பிரேமின் கழுத்தில் தேடினால் ஒன்றுமே தெரியவில்லை. கடைக்காரர் கனமாகப் பவுடர் கோட்டிங் அடித்து நம்பரை மூழ்கடித்திருந்தார். பெயின்ட் ரிமூவர் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலைச் சாய்த்து உரசினோம். ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. ஓர் இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று புரியவில்லை. “உளி வைத்து ஆழமாக்கிடட்டுமா?” என்றார் கூட வந்த மெக்கானிக். நல்ல வேளை, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தார். அந்த நம்பரில் யார் கை வைத்தாலும் அது திருட்டு வண்டியின் அடையாளமாகத்தான் படிக்கப்படும். தேய்த்து வெட்டிய நம்பரோடு வந்த ஒரு ஜாவாவை நான் கையிலேயே எடுக்கவில்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கும் வண்டியின் பதிவு விவரமான பி ரெஜிஸ்டர் நகலுக்கு மனுப் போட்டோம். கிடைத்தது. எட்டுதான். உரிமையாளர் பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெயர், தத்தமங்கலம் தபால். தேடிப் போனால் அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். தொலைந்த ஆர்.சி.க்கு நகல் கேட்கும் படிவம் 26ஐப் பதிவு உரிமையாளர்தான் போட முடியும், வாங்கியவர் போட முடியாது. உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31இல் முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அப்புறம் 29, 30 போட்டு வாங்கியவர் பெயருக்கு. யாரோ எப்போதோ கையெழுத்துப் போட்டுத் தந்த தேதியில்லாத 29, 30ஐ இடைத்தரகர் நீட்டுவார். போட்டவர் இறந்துபோயிருந்தால் அது வெறும் தாள். அவர் கையெழுத்தை ‘நானே போட்டுடறேன்’ என்பவரிடம் காசு கொடுத்தால் நீங்களும் மோசடிக் கேஸில் சேர்வீர்கள்.

கோவிந்தாபுரம், வேலந்தாவளம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து வண்டியை வாங்கி வருபவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: அந்த ஊர் அலுவலகத்தின் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, படிவம் 28. வாங்கும் முன்பே சேசிஸ், இன்ஜின் நம்பர்களைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் போட்டு, திருட்டுப் புகார் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த வேலையை முடியுங்கள்.

பட்டாளத்து ஏல வண்டி என்று சொல்லி விற்பதும் உண்டு. ராணுவத்தில் ஓடியபோது அதற்கு ஆர்.டி.ஓ. பதிவே இருக்காது. ஏலத்தில் விட்ட காகிதம்தான் அதன் ஜாதகம். அது இல்லையென்றால் கதையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

பதிவு முடியும்வரை ரோட்டில் எடுக்காதீர்கள் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பதிவு செல்லாத வண்டிக்கு முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம். அதைக்கூடக் கட்டிவிடலாம். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவர் மேல் மோதினால் நஷ்ட ஈடு தோப்பை விற்றாலும் அடையாது.

இறந்துபோன உரிமையாளரின் மனைவி, தத்தமங்கலத்து அம்மா, நல்ல மனுஷி. வண்டியின் போட்டோவைக் காட்டியதும், “இதில்தான் கல்யாணமான புதுசில் மலம்புழா போனோம்” என்றார். அவரும் மூத்த மகனும் கையெழுத்துப் போட்டாயிற்று. இளையவர் துபாயில். ஓணத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை புல்லட் தம்பி வீட்டுத் திண்ணையில் பெட்ஷீட் போர்த்தி நிற்கிறது.