பல்லைப் பிடுங்கினாலும் போகாத பல்வலி

நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயைத் திறக்கும் முன்பே சில சமயம் எனக்கு விஷயம் புரிந்துவிடும். பல்வலிக்காரர் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார். அழுத்தினால் அவருக்குக் கொஞ்சம் இதம். இன்னொரு வகை ஆட்கள் உண்டு. கை கன்னத்துக்குப் பக்கத்தில் வரை போகும், அங்கேயே அந்தரத்தில் நிற்கும், தொடாது. உதட்டை அசைக்காமல் பேசுவார்கள். ஆண்களாக இருந்தால் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்யாமல் இருக்கும். வாயைத் திறந்தால் அதே பக்கப் பற்களில் மட்டும் வாரக்கணக்கில் அழுக்குப் படிந்திருக்கும், ஏன் இந்தப் பக்கம் பல் துலக்கவில்லை என்று கேட்டால் கண் கலங்கிவிடும்.

அப்படி வந்தவர்தான் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. வலது கீழ்த்தாடையில் மூன்று பற்கள் இல்லை, மூன்றையும் வலிக்காகவே எடுத்திருக்கிறார்கள். "நாலாவதையும் எடுத்துடுங்க டாக்டர், வலி இப்ப அதுக்கு வந்துடுச்சு" என்றார். எக்ஸ்ரேயில் அந்த நாலாவது பல் அப்பழுக்கில்லாமல் இருந்தது. வலி எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டேன். "சுரீர்னு கரண்ட் அடிக்கும், எண்ணி அஞ்சு செகண்டுதான், ஆனா அந்த அஞ்சு செகண்டுல உசிரே போயிடும்." முகம் கழுவினால் வரும், காற்று பட்டால் வரும், மென்றால் வரும், சில நாள் பேசினாலே வரும். ராத்திரி? தூக்கத்தில் பெரும்பாலும் வருவதில்லை. பல்லின் கூழ் அழுகி வருகிற வலி இதற்கு நேர் எதிர், அது ராத்திரியில்தான் ஆளை எழுப்பி உட்கார வைக்கும்.

இது முக்கிளை நரம்பு வலி. டாக்டர்கள் சீட்டில் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று எழுதுவார்கள். முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் ஐந்தாவது மூளை நரம்பு மூன்றாகப் பிரிகிறது: நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்று, கன்னத்துக்கும் மேல் பற்களுக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. வலி பெரும்பாலும் கீழே உள்ள இரண்டு கிளைகளில் வருவதால் ஆளும் நேராகப் பல் டாக்டரிடம்தான் வருகிறார். 1756இலேயே பிரான்சின் நிக்கோலா ஆந்த்ரே இதை விவரித்துப் பெயர் வைத்தார், 1773இல் லண்டனில் ஜான் ஃபாதர்கில் இன்னும் தெளிவாக எழுதினார். இவ்வளவு பழைய நோய், இருந்தும் இன்றைக்கும் நல்ல பற்கள் வீணாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

அதற்கு யாருடைய அலட்சியமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, இந்த நோய் டாக்டரையும் சேர்த்து ஏமாற்றும். நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு, சந்தேகப்பட்ட பல்லைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டேன், வலி சட்டென்று நின்றது, சரி, குற்றவாளி இந்தப் பல்தான் என்று முடிவுகட்டி வேர் சிகிச்சை செய்துவிட்டேன். வலியைக் கிளப்பிவிடும் இடம் மரத்துப்போனாலும் இந்த வலி தற்காலிகமாக நிற்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டாவது பொறி இதைவிடக் கெட்டது. இந்த வலி தானாகவே மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட, காணாமல் போகும். பல்லைப் பிடுங்கிய அடுத்த வாரம் அப்படி அது ஓய்வெடுக்கப் போனால் பிடுங்கியது பலித்துவிட்டது என்று எல்லாரும் நம்பிவிடுவோம், திரும்பி வரும்போது அடுத்த பல்லின் மேல் பழி விழும். அந்த அம்மாவின் மூன்று பற்களும் இப்படித்தான் போயிருந்தன.

சரி, கோளாறு எங்கே? பெரும்பாலும் அந்த நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து, துடிக்கும் ஒவ்வொரு முறையும் இடித்துக்கொண்டே இருக்கிறது. இதை 1930களில் வால்டர் டேண்டி என்ற அறுவை மருத்துவர் கவனித்துச் சொன்னார். இடி வாங்கிய இடத்தில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை தேய்ந்துபோகிறது. உறை போன இழைகள் ஒன்றோடொன்று உரசி நிற்க, தொடு உணர்வு இழையில் போகும் மின்துடிப்பு பக்கத்தில் உள்ள வலி இழைக்குத் தாவுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். காற்று பட்டதற்கு மின்சாரம் அடிப்பது அதனால்தான். கூடவே, நரம்புச் செல்லின் சுவரில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாசல்கள் இருக்கின்றன, துடிப்பைத் தொடங்குவதே அவைதான். அந்த இடத்தில் அவை அளவுக்கு மீறித் திறந்து திறந்து மூடுகின்றன.

இதைப் புரிந்துகொண்டால் மாத்திரைக் குழப்பமும் தீரும். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் இங்கே ஏன் எடுபடுவதில்லை? இந்த வலிக்கு வீக்கமோ அழற்சியோ காரணம் இல்லை, அந்த மாத்திரைகள் அடக்க வேண்டிய ரசாயனம் இங்கே குற்றவாளி இல்லை. வேலை செய்வது கார்பமசெபின். 1953இல் கைகி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் உருவாக்கிய மருந்து, 1962இல் பிளோம் என்ற ஸ்வீடன் மருத்துவர் இந்த முகவலிக்கு அது பலிப்பதை எழுதினார். சோடியம் வாசலை அது அடைக்கிறது, அதிலும் ஓயாமல் வேகமாகத் துடிக்கும் நரம்பில் அதிகமாக, அமைதியாக இருக்கும் நரம்பில் குறைவாக. அழகான மருந்து என்று சொல்லத் தோன்றும், பக்க விளைவுகள் மட்டும் இல்லாவிட்டால்.

என்னிடம் அடிக்கடி நடப்பது இது. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவேன், அவர் கார்பமசெபின் எழுதுவார், வீட்டில் யாராவது இணையத்தில் தேடி "இது வலிப்பு மாத்திரை, உனக்கெதற்கு இது, உன்னை மூளை சரியில்லாதவர் என்று நினைத்துவிட்டார்களா" என்பார்கள், மாத்திரை குப்பைக்குப் போகும், ஒரு மாதம் கழித்துப் பல்லைப் பிடுங்கச் சொல்லி ஆள் மறுபடி என் முன்னால் நிற்பார். வலிப்பில் மூளைச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் துடிக்கின்றன, இங்கே முக்கிளை நரம்பு அப்படித் துடிக்கிறது, அடக்கும் வழி ஒன்று என்பதால் மருந்தும் ஒன்று, அவ்வளவுதான் உறவு.

ஆனால் விளையாட்டு மருந்தும் இல்லை. தலைசுற்றல், தூக்கம், தள்ளாட்டம் வரலாம், ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், அதனால் இடையிடையே ரத்தப் பரிசோதனை வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலனையும் வேறு சில மருந்துகளின் பலனையும் குறைக்கும், கர்ப்பம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்துபோகும் ஆபத்தான ஒவ்வாமை வரலாம், அது ஆசிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படுவதால் மருந்தைத் தொடங்கும் முன் பரிசோதிக்கச் சொல்லி அமெரிக்க உணவு மருந்துத் துறை 2007இல் அறிவுறுத்தியது. தடிப்பெல்லாம் இல்லாமல், வலி குறைந்துவிட்டதே என்று மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

இப்போது செய்திகளில் அடிபடும் மூளை ரசாயனம். "உங்கள் வலிக்கு மூளையில் ரசாயன மாற்றம் இருக்கிறது" என்றால் "அப்போ எல்லாம் என் கற்பனை என்கிறீர்களா" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபம் நியாயம்தான், பலரிடம் அப்படிச் சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உண்மையில் மூளை ரசாயன ஆராய்ச்சி சொல்வது அதற்கு எதிரானது. சிட்னியில் லூக் ஹெண்டர்சன், சில்வியா கஸ்டின் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பு சேதமாகி முகத்தில் தீராத வலி உள்ளவர்களின் மூளையை, ரசாயனங்களின் அளவைக் காட்டும் ஒரு வகை எம்ஆர்ஐ முறையில் பார்த்தார்கள். உடலிலிருந்து வரும் உணர்வுச் செய்திகள் பெருமூளைக்குப் போகும் வழியில் நின்று போகும் நிலையம் தலாமஸ், அங்கே காபா என்ற ரசாயனம் குறைந்திருந்தது. காபாதான் மூளையின் பிரேக். அது குறைந்தால் வடிகட்டப்பட வேண்டிய செய்திகளும் மேலே போய்விடும். கவனியுங்கள், இவர்கள் மின்சாரம் அடிப்பது போன்ற வலிக்காரர்கள் இல்லை, சிலருக்குப் பல் எடுத்த பிறகோ முகத்தில் அடிபட்ட பிறகோ வந்து, நாள் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும் வேறு வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் செய்திகள் வருகின்றன.

மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 2012இல் வந்த ஒரு சிறிய ஆய்வு வேறொன்றைக் காட்டியது: முக்கிளை நரம்புக் கோளாறால் வலி உள்ளவர்களின் மூளையில், உடலே சுரக்கும் வலிநிவாரணிகள் போய் ஒட்டும் ஓபியாய்டு ஏற்பிகள் சில பகுதிகளில் குறைவாகவே கிடைத்தன. சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகக் கூடாது, ஆனாலும் இந்த மாதிரி வலிகளுக்கு மார்ஃபின் வகை மருந்துகள் ஏன் சரியாகப் பிடிப்பதில்லை என்று யோசிக்க ஒரு வழி கிடைக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு "காபா" என்று லேபிள் ஒட்டிய சத்து மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். வாயால் விழுங்கும் காபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் போதுமான அளவு போகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வேடிக்கை என்னவென்றால், நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டினுக்குப் பெயர்தான் காபா, அது வேலை செய்வது கால்சியம் வாசல்களில்.

மருந்து பிடிக்காவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. 1960களிலிருந்து பீட்டர் ஜெனட்டா என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பிரபலப்படுத்திய முறையில் ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி நடுவில் சின்னத் திண்டு வைப்பார்கள். அவர் குழு 1996இல் வெளியிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கில், பத்து வருடம் கழித்தும் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள். மண்டையைத் திறக்கிற வேலை என்பதால் வயதையும் உடம்பையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். எம்ஆர்ஐயில் ரத்தக்குழாய் ஒட்டியிருப்பது தெரிந்தால் மட்டும் போதாது, வலியே இல்லாதவர்களுக்கும் அப்படி ஒட்டியிருப்பதுண்டு. நோயைச் சொல்வது உங்கள் வாய்மொழிதான், அதனால் எது தொட்டால் வருகிறது, எத்தனை வினாடி, எந்த இடம், இடையில் எத்தனை மாதம் வலி இல்லாமல் இருந்தது என்பதை எழுதிக்கொண்டு போங்கள்.

அந்த அம்மாவின் நாலாவது பல் இன்னும் இருக்கிறது. நான் அவசரப்படுத்தி அனுப்புவது வேறு சிலரை: நாற்பது வயதுக்குள் இந்த வலி வந்தவர்கள், முகத்தின் இரண்டு பக்கமும் வருகிறவர்கள், வலியோடு மரத்தும் போகிறது அல்லது அந்தப் பக்கக் காது கேட்கவில்லை என்கிறவர்கள். கட்டியோ, மயலினைத் தின்னும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸோ அடியில் இருக்கலாம் என்பதால் இவர்களுக்கு எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாது, அதுவரை பல் பிடுங்கும் என் குறடும் பெட்டிக்குள்தான்.