உடற்பருமன் வீதம்: ஒரு சொல்லும் அதன் அளவுகோலும்

ஒரு நாட்டின் வயதுவந்தோரில் நூற்றுக்கு எத்தனை பேர் உடற்பருமன் கொண்டவர்கள் என்று காட்டும் எண்ணை நாளிதழ்கள் 'உடற்பருமன் வீதம்' என்கின்றன. உலக நாடுகளை வரிசைப்படுத்தும் அட்டவணைகளில் அடிக்கடி தென்படும் தொடர் இது. இரண்டு சொற்களின் கூட்டு. இரண்டிலும் சிக்கல் உண்டு. முதற்சொல்லின் பொருளை மருத்துவம் ஒருவாறு வரையறுத்துவிட்டது. இரண்டாம் சொல் இந்த இடத்துக்கு உரியதுதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

பரு என்னும் அடியிலிருந்து பருத்தல், பருமை, பருமன், பருப்பொருள் எல்லாம் கிளைக்கின்றன. கம்பிக்குப் பருமன் உண்டு, நூலுக்கும் உண்டு; பள்ளி இயற்பியலில் ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கே பருமன் என்று பெயர். சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால் மெலிந்தவருக்கும் ஓர் உடற்பருமன் இருக்கத்தான் செய்யும். மிகையான பருமனை மட்டும் குறிக்கும் கலைச்சொல்லாக அதை வழங்கி வழங்கி நிலைநிறுத்தியது மருத்துவத் தமிழ். மிகைப்பருமன் என்று எழுதினால் துல்லியம் கூடும். ஆனால் வேரூன்றிய சொல்லைப் பிடுங்கி நடும் அளவுக்குத் தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை. மாற்றாக நிற்கக்கூடிய சொற்களைப் பாருங்கள். கொழுப்பு என்றால் திமிர் என்ற பொருளும் கூடவே வந்து நிற்கும். ஊளைச்சதை வசை, குண்டு கேலி. உடற்பருமனில் பழிப்பு ஏதும் இல்லை.

ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'ஒபீசிட்டி' என்ற சொல்லுக்கு அந்த நற்பேறு கிடைக்கவில்லை. இலத்தீனில் 'ஒபேசஸ்' என்றால் தின்று கொழுத்தவன். உண்ணுதல் என்ற வினையே அதன் வேர். அதாவது, நிலைமையின் பெயரிலேயே காரணமும் குற்றச்சாட்டும் சேர்ந்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இலத்தீன் கவிஞர் லேவியஸ் இதே சொல்லை 'ஒல்லியானவன்' என்ற பொருளில் ஆண்டிருப்பதாக இரண்டாம் நூற்றாண்டின் உரோமானிய எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ் எழுதிவைத்திருக்கிறார். செய்வினையாகக் கொண்டால் தின்றவன். செயப்பாட்டுவினையாகக் கொண்டால் தின்னப்பட்டு இளைத்தவன். இலக்கணப்படி இரண்டும் பொருந்தும், கொழுத்தவனே வென்றான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, உடல்நலத்துக்குக் கேடு தரும் அளவுக்கு உடலில் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்திருப்பதே உடற்பருமன். ஆனால் பல்லாயிரம் பேரைச் சந்திக்கும் ஆய்வு எதிலும் கொழுப்பை நேரடியாக அளப்பது எளிதன்று. எனவே கிலோகிராமில் அளந்த எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். இந்த வகுத்தலை 1830களில் முன்வைத்தவர் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்டலே. அவர் வானியலாளர், புள்ளியியலாளர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தவர். பருமனைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. 1972இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, கெட்டலேயின் வகுத்தலே மற்றவற்றைவிடத் தேவலாம் என்று முடிவுகட்டி, அதற்கு இன்று வழங்கும் 'பிஎம்ஐ' என்ற பெயரைச் சூட்டினார்கள். அந்த ஆய்வில் பெண்கள் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

பிஎம்ஐக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டில் உடல் நிறை குறியீட்டெண். இலங்கையில் உடற்திணிவுச் சுட்டெண். இது வெறும் வட்டார வேறுபாடன்று. தமிழ்நாட்டுப் பாடநூலில் பொருளின் அளவுக்கு நிறை என்றும், அதன்மேல் செயற்படும் புவியீர்ப்பு விசைக்கு எடை என்றும் பெயர். இலங்கைப் பாடநூலில் முதலாவது திணிவு, இரண்டாவதே நிறை. ஆக, யாழ்ப்பாணத்து மாணவர் தமிழ்நாட்டுக் கட்டுரையைப் படித்தால் 'நிறை' என்பதை எடை என்றே புரிந்துகொள்வார். நல்லவேளையாக, கணக்கில் இதனால் எந்தத் தவறும் நேராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் திணிவின் பக்கம். எடையோடு குழம்ப அதில் வழியே இல்லை.

இந்த எண் 25ஐத் தொட்டால் மிகை எடை, 30ஐத் தொட்டால் உடற்பருமன் என்பது பன்னாட்டு வரம்பு. செய்திகளில் மிகுதியாகக் கெடுவது இந்த இடம்தான். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) பெண்களில் 24 விழுக்காடு, ஆண்களில் 22.9 விழுக்காடு என்று வரும் எண்கள் 25ஐத் தொட்ட எல்லாரையும் சேர்த்தவை. அவற்றை அப்படியே உடற்பருமன் என்று தலைப்பிட்டு, 30ஐ வரம்பாகக் கொண்ட இன்னொரு நாட்டின் எண்ணோடு பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு பொய்த்துப்போகும்.

வரம்பும் கல்வெட்டில் பொறித்ததன்று. அமெரிக்காவில் 1998 வரை மிகை எடைக்கான வரம்பு ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்தது. அதை 25க்கு இறக்கியபோது, ஒரு கிராம்கூடக் கூடாமலே இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடைக்காரர்கள் ஆனார்கள். ஆசிய மக்களுக்குக் குறைந்த எண்ணிலேயே நீரிழிவும் இதயநோயும் தலைகாட்டுகின்றன என்பதால், 23, 27.5 ஆகிய புள்ளிகளையும் கவனிக்குமாறு உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் பரிந்துரைத்தது. ஆனால் பன்னாட்டு வரம்பை அது மாற்றவில்லை. சீனா 28ஐயும் ஜப்பான் 25ஐயும் உடற்பருமனுக்குத் தத்தம் வரம்பாகக் கொண்டிருக்கின்றன. தன் வரம்பின்படி ஜப்பானில் 2019இல் ஆண்களில் 33 விழுக்காட்டினர் உடற்பருமன் உடையவர்கள். பன்னாட்டு வரம்பை வைத்தால் அந்நாட்டு எண் நான்கைந்து விழுக்காட்டுக்குச் சுருங்கிவிடும். பட்டியலின் அடியில் ஜப்பான் நிற்பதைக் கண்டு வியப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இனி, வீதம். ஆளுக்கு ஒன்று வீதம், மாதம் இரண்டு வீதம் என்று பங்கிடும்போது இயல்பாக வரும் சொல் அது. நோய்ப்பரவலியலில் வீதம் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குள் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று பொருள்படும். காலம் உள்ளே இருக்க வேண்டும். சுகாதார ஆய்வோ ஒரு நிழற்படம். அந்த நேரத்தில் எத்தனை பேர் வரம்பைக் கடந்திருந்தார்கள் என்பது மட்டுமே அதில் தெரியும்; எப்போது கடந்தார்கள் என்பது தெரியாது. விகிதம் என்பதும் பொருந்தாது, அது இரண்டு அளவுகளை ஒன்றோடொன்று நிறுத்துவது. மருத்துவ நூல்கள் 'பரவல்' என்கின்றன. ஆனால் தொற்றுநோய்க் காலத்தில் அந்தச் சொல் காதில் விழுந்த விதத்தை நினைத்தால், உடற்பருமன் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவுவதாகத் தோன்றிவிடும். உடற்பருமன் விழுக்காடு என்று எழுதினால் எந்தக் குழப்பமும் இல்லை.

சொல்லைத் திருத்தியபின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: அந்த விழுக்காடு அளந்து அறிந்ததா, கேட்டு அறிந்ததா? ஆய்வாளர் காலணியைக் கழற்றச் சொல்லி, எடைக் கருவியில் நிறுத்தி, உயரமானியில் தலையைச் சேர்த்து அளப்பது ஒரு முறை. தொலைபேசியில் "உங்கள் உயரம் என்ன, எடை என்ன?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது இன்னொரு முறை. கேட்டால் மனிதர்கள் உயரத்தைச் சற்றுக் கூட்டியும் எடையைச் சற்றுக் குறைத்தும் சொல்கிறார்கள். இது பல நாடுகளிலும் காணும் இயல்பு. பொய் என்று சொல்வது கடுமை, பழைய நினைவு என்று சொல்வது பெருந்தன்மை. 158 சென்டிமீட்டர் உயரமும் 77 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு எண் 30.8. அவர் 160, 75 என்று சொல்லிவிட்டால் 29.3. ஓர் உடற்பருமன்காரர் கணக்கிலிருந்து மறைந்துவிட்டார்.

ஒரே நாட்டுக்குள் இரண்டு முறைகளும் நடக்கும்போது இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். அமெரிக்காவில் நடமாடும் பரிசோதனை மையங்களில் அளக்கும் தேசிய ஆய்வு 2017 முதல் 2020 மார்ச் வரையான காலத்துக்கு 41.9 விழுக்காடு என்றது. மாநிலங்கள்தோறும் தொலைபேசியில் கேட்கும் ஆய்வின் 2020ஆம் ஆண்டு எண் 32ஐ ஒட்டியே இருந்தது. நாடுகளுக்கிடையே ஒப்பிடும்போது, அளக்கும் நாடு தடித்ததாகவும் கேட்கும் நாடு மெலிந்ததாகவும் தோன்றும். இங்கிலாந்தின் சுகாதார ஆய்வு அளக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நேர்காணல் ஆய்வு பெரும்பாலும் கேட்கிறது. நாடுகளின் தரவை ஒன்றுதிரட்டி 2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஏறத்தாழ 22 கோடிப் பேரைப் பற்றிய 3,663 ஆய்வுகளைச் சேர்த்தபோது, அளந்தறிந்த தரவை மட்டுமே எடுத்துக்கொண்டது. 'அளந்தறிந்த', 'கேட்டறிந்த' என்ற இரு அடைமொழிகளையும் விழுக்காட்டுக்கு முன்னால் எழுதும் வழக்கம் தமிழில் வந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வயதுச் சீராக்கம் என்ற சொல்லும் இந்த அட்டவணைகளில் வரும். நடுவயதில் உடற்பருமன் கூடுவதால், இளையோர் மிகுந்த நாட்டின் எண் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். எல்லா நாடுகளுக்கும் ஒரே வயதுக் கட்டமைப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு மறுபடி கணக்கிடுவதே சீராக்கம். அது ஒப்பீட்டுக்கு மட்டும் உதவும். உண்மையில் எத்தனை பேருக்கு மருத்துவ உதவி தேவை என்பதைச் சீராக்காத எண்தான் சொல்லும்.

கடைசியாக, 'வயதுவந்தோர்' என்பவர் யார்? உலக சுகாதார நிறுவனத்துக்கு 18 வயதுக்கு மேற்பட்டவர். அமெரிக்க அளவீட்டு ஆய்வின் அறிக்கைகளில் 20 வயதுக்கு மேற்பட்டவர். இங்கிலாந்தில் 16. இந்தியக் குடும்பநல ஆய்வு மேலே சொன்ன எண்ணை 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களுக்குத் தருகிறது, கர்ப்பிணிகளை விட்டுவிட்டு. ஐம்பதைத் தாண்டியவர்கள் அதில் இல்லவே இல்லை. தமிழில் பெரியவர்கள் என்று எழுதினால் முதியோர் நினைவுக்கு வருவார்கள், பெரியோர் என்றால் சான்றோர். இலங்கையில் வழங்கும் வளர்ந்தோர் என்பது அழகான சொல்தான். எதை எழுதினாலும் பக்கத்தில் வயதை எண்ணாலேயே குறித்துவிடுவது நல்லது.