அதிமதுரமும் பிரஷர் மாத்திரையும்: ஒரு மணி நேர இடைவெளி ஏன் போதாது?

காலையில் பிரஷர் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து அதிமதுரம் போட்ட கஷாயம். இரண்டும் வயிற்றில் சந்தித்துக்கொள்ளாதவரை தொந்தரவில்லை என்று நம்புகிறவர்கள் நம் வீடுகளில் ஏராளம். இந்த நம்பிக்கையை முழுத் தவறென்று தள்ளிவிட முடியாது. மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல் உமி குடலில் கூழாகி, கூடவே விழுங்கிய மாத்திரையைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அங்கே இரண்டு மணி நேர இடைவெளி உண்மையிலேயே உதவும். ஆனால் ரத்த அழுத்த மருந்தோடு மூலிகை மோதும் முக்கியமான இடங்கள் சிறுநீரகம், குடற்சுவர், நரம்பு முனை ஆகியவை. அங்கே ஏற்படும் மாற்றம் சில மணி நேரத்தில் கலைந்துவிடுவதில்லை.

அதிமதுரத்தையே எடுத்துக்கொள்வோம். கடித்தால் நாராகப் பிரியும் மஞ்சள் வேர்; முதலில் லேசான மண்வாசம், பிறகு நாக்கில் நெடுநேரம் தங்கும் இனிப்பு. தொண்டைக்கட்டுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது பாடகர்களின் பழைய பழக்கம். அந்த இனிப்பைத் தரும் கிளைசிரைசின், சர்க்கரையைவிட ஏறத்தாழ 50 மடங்கு இனிப்பானது. 1946இல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது புண் ஆறுவதையும், கூடவே சிலருக்கு முகமும் கைகால்களும் வீங்குவதையும் பதிவு செய்தார். வீக்கம் எப்படி வருகிறது என்பது 1987இல்தான் தெளிவாகத் துலங்கியது.

உப்பைத் தக்கவைத்துக்கொள்ளும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும் ஹார்மோன் அல்டோஸ்டிரோன். அது வந்து அமரும் ஏற்பியில் (ஹார்மோனின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் இடம்), கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் அதே எளிமையோடு அமர்ந்துவிடும். அதுவோ ரத்தத்தில் அல்டோஸ்டிரோனைவிட நூறு மடங்குக்கும் மேலாக இருப்பது. அதனால் சிறுநீரக உயிரணுக்களுக்குள் ஒரு நொதி (என்சைம்) காவலுக்கு நின்று, வரும் கார்டிசோலை எல்லாம் வலுவற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதிமதுரம் முடக்குவது இந்தக் காவல்காரரைத்தான். குடல் நுண்ணுயிரிகள் கிளைசிரைசினை உடைத்து உண்டாக்கும் அமிலம் நொதியைத் தடுக்க, கார்டிசோல் தடையின்றி ஏற்பியில் அமர்ந்துகொள்கிறது. விளைவாக உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. அந்த அமிலம் பித்தத்தோடு குடலுக்குத் திரும்பி மீண்டும் உறிஞ்சப்படுவதால், பொடியை நிறுத்திய பிறகும் ஓரிரு வாரம் வரை விளைவு நீடிக்கலாம். இதில் ஒரு மணி நேர இடைவெளி என்ன செய்துவிட முடியும்?

குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகளும் (சிறுநீரை அதிகமாக்கி அழுத்தத்தைக் குறைப்பவை) பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. அதிமதுரமும் இவையும் சேர்ந்தால் தசைகள் தளரும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்; பொட்டாசியம் மிகவும் தாழ்ந்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் சிக்கல் வேறுவிதமானது. அந்த மாத்திரையே கணுக்காலை வீங்க வைக்கும் என்பதால், அதிமதுரம் தந்த வீக்கத்தையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. அழுத்தமும் குறையாதிருந்தால், கஷாயத்தைப் பற்றிக் கேள்விப்படாத மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு கிளைசிரைசினுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்ற மேல்வரம்பைப் பரிந்துரைத்தது. 3 கிராம் பொடியில் 4 சதவீதம் கிளைசிரைசின் இருந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். வேருக்கு வேர் இந்தச் சதவீதம் மாறுவதால், கரண்டியால் அளந்து நிம்மதி அடையவும் வழியில்லை.

குடற்சுவரில் நடப்பது இன்னொரு கதை. 1989இல் கனடாவில் ஃபெலோடிபின் என்ற பிரஷர் மாத்திரையையும் மதுவையும் சேர்த்துச் சோதித்தவர்கள், மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் பல மடங்கு உயர்ந்தது. மருந்தின் ஒரு பகுதியைக் குடற்சுவரிலேயே சிதைக்கும் நொதியைச் சாறு செயலிழக்கச் செய்திருந்தது. உடல் புதிதாக நொதியைத் தயாரிக்க ஒரு நாளுக்கு மேலாகும். நம் பம்பளிமாஸ் பழத்திலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினும் தொடர்ந்து உட்கொண்டால் புரோப்ரனலால் என்ற பிரஷர் மருந்தின் அளவை ரத்தத்தில் உயர்த்துவது மனிதர்களிடம் காணப்பட்டிருக்கிறது. ரசத்தில் போடும் மிளகைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். செறிவூட்டிய பைப்பரின் சேர்த்து, மஞ்சள் கிழங்கிலிருந்து செய்யும் மாத்திரைகள்தான் கவனத்துக்குரியவை.

சர்ப்பகந்தா வேரோ மூலிகை என்ற பெயரில் இருக்கும் முழு மருந்தே. 1952இல் அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்ப்பின், உலகெங்கும் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்டது. அது நரம்பு முனைகளில் உள்ள நார்அட்ரினலின் (ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் வேதிப்பொருள்) சேமிப்பையே காலி செய்வதால், விளைவு பல நாட்கள் நிற்கும். நாடித்துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் நாடித்துடிப்பும் அழுத்தமும் அளவுக்கு மீறி இறங்கலாம்.

ஆகவே கடிகாரத்தைவிடப் பட்டியல் பயனுள்ளது: என்னென்ன மூலிகை, எவ்வளவு, எத்தனை நாட்களாக என்று எழுதி, சித்த மருத்துவர், அலோபதி மருத்துவர் இருவரிடமும் காட்டலாம். புதிதாக ஒன்றைத் தொடங்கினால் இரண்டு வாரமாவது வீட்டில் அழுத்தத்தைக் குறித்து வைப்பதும், நீர் மாத்திரை எடுப்பவர்கள் ரத்தப் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. மூலிகையை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்துவது கூடவே கூடாது. குளோனிடின், அட்டெனலால் வகை பிரஷர் மாத்திரைகளைத் திடீரென விட்டால் அழுத்தம் பாய்ந்து ஏறும்.

கடையில் வாங்கும் சூரணத்திலும் இருமல் மருந்திலும் அதிமதுரம் அதே பெயரில் இருக்கும் என்றில்லை. யஷ்டிமது, முலேத்தி, லிக்கோரைஸ், கிளைசிரைசா கிளாப்ரா என்று உறையின் பின்புறம் பொடி எழுத்தில் எது அச்சாகியிருந்தாலும், உள்ளே இருப்பது அந்த மஞ்சள் வேர்தான்.