லாக்புக் நிரம்பிவிட்டது, வேலை தெரியவில்லை

ஆஸ்திரேலியாவில் சைல்ட்கேர் (குழந்தைக் காப்பகம்) வேலைக்குப் படிப்பவர்களின் வேலையை நேரில் பார்த்து மதிப்பிடும் அசெஸ்ஸர் நான். போன வாரம் ஒரு சென்டருக்கு அசெஸ்மென்டுக்குப் போயிருந்தேன். சைல்ட்கேர் வேலைக்கான சான்றிதழ்ப் படிப்பான சர்டிபிகேட் 3 முடிக்கப்போகும் ஒரு பெண். அந்தப் படிப்புக்குக் கேட்கும் பிளேஸ்மென்ட், அதாவது சென்டரில் செய்யும் பயிற்சி வேலை, 160 மணி நேரமும் லாக்புக்கில் நிரம்பியிருந்தது. எல்லாப் பக்கங்களிலும் ஒரே பேனா, தினமும் காலை 9 முதல் மாலை 5 வரை, ஒரு நாள்கூட ஐந்து நிமிடம் முன்பின் இல்லை. "ஒரு குழந்தைக்கு நாப்பி (டயாபர்) மாற்றுங்கள், பார்க்கிறேன்" என்றேன். குழந்தையை மேசையில் கிடத்திவிட்டு, கையுறை எடுக்க இரண்டடி நகர்ந்தார். ஒன்பது மாதக் குழந்தை, புரண்டது. பக்கத்தில் நின்ற எஜுகேட்டர், அதாவது சென்டரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், எட்டிப் பிடித்துவிட்டார்.

'இன்னும் தகுதி பெறவில்லை' என்று எழுதினேன். "சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுட்டாங்களே மேடம்!" என்று அழுதார். இந்த வருடம் இதே வார்த்தையை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கையெழுத்து என்ன சொல்கிறது? இத்தனை மணி நேரம் நீங்கள் சென்டரில் இருந்தீர்கள் என்று சொல்கிறது. அவ்வளவுதான். சூப்பர்வைசர் உங்கள் வேலையைப் பற்றி எழுதித் தரும் அறிக்கையும் ஒரு சாட்சியம் மட்டுமே. தகுதி உண்டா இல்லையா என்ற முடிவு அசெஸ்ஸருடையது. அந்த முடிவை நாங்கள் மனம்போனபடி எடுப்பதில்லை. காட்டும் சாட்சியம் அந்தப் பாடத்துக்குப் பொருந்த வேண்டும், போதுமான அளவு இருக்க வேண்டும், நீங்களே செய்ததாக இருக்க வேண்டும், அண்மையில் செய்ததாக இருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு தடவை சரியாகச் செய்தது போதாது. அழும் குழந்தை, உதறும் குழந்தை, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தை என்று வெவ்வேறு குழந்தைகளிடம், வெவ்வேறு நாட்களில் அதே கவனம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். அடுத்த நிலைப் படிப்பான டிப்ளமாவுக்கு 280 மணி நேரம் கேட்பதும் அதற்காகத்தான். மணி நேரம் என்பது பழகுவதற்கான அவகாசம். அதை எழுதி நிரப்பினால் கை பழகிவிடாது. மறுபடியும் சொல்கிறேன், கையெழுத்து வந்துவிட்டதாலேயே வேலை வந்துவிடாது.

"நான் ரெண்டு பிள்ளை வளர்த்தவள், எனக்குத் தெரியாதா?" என்பது நம் பெண்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி. உங்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சென்டரின் முறை வேறு. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், முகம் மூடக்கூடாது, தலையணை கூடாது, தூங்கும்போது அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். வீட்டில் குப்புறப் போட்டுத் தட்டித் தூங்கவைத்த பழக்கத்தில் இங்கேயும் அப்படியே செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊட்டிவிடுவதும் அப்படித்தான். அன்பாகத்தான் ஊட்டுகிறீர்கள், ஆனால் தானாகச் சாப்பிடப் பழகும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குப் போய்விடுகிறது.

சென்டர் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் இரண்டு வயதுக்குக் கீழே நான்கு குழந்தைகளுக்கு ஒரு எஜுகேட்டர் வேண்டும். ஆள் குறைகிற நாளில் சம்பளமில்லாத பிளேஸ்மென்ட் மாணவியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவரைக் குழந்தைகளோடு தனியாக விடாதீர்கள். நாள் முழுக்கத் தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் விட்டுவிட்டு, கடைசி நாளில் மொத்தமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். மாணவிகளே, அப்படி நடந்தால் உங்கள் பயிற்சி நிறுவனத்திடம் சொல்லுங்கள். பயப்படாதீர்கள்.

"பிளேஸ்மென்ட் வேண்டாம், சான்றிதழ் வீட்டுக்கே வரும்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். பயிற்சி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆஸ்குவா, 2024 இறுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோரின் சான்றிதழ்களை ரத்து செய்திருக்கிறது. சைல்ட்கேர் சான்றிதழ்களும் அதில் உண்டு. சேர்வதற்கு முன் தேசியப் பயிற்சிப் பதிவேட்டில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே சைல்ட்கேர் வேலை செய்த அனுபவம் இருந்தால் அதை மதிப்பிட்டு ஏற்கும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் சாட்சியம் வேண்டும்.

பிளேஸ்மென்ட் தொடங்கியவர்களுக்கு: மணி நேரத்தை அன்றன்றே எழுதுங்கள். முதல் வாரமே கைக்குழந்தைகள் அறையைக் கேட்டு வாங்குங்கள். மைதானத்தில் எல்லாக் குழந்தைகளும் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள், போன் கைப்பையிலேயே இருக்கட்டும். நாப்பி மாற்றும் முன் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்கட்டும். முடிந்ததும் குழந்தையின் கையையும் கழுவுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், அதற்காக நான் யாரையும் குறைத்து எழுதியதில்லை.

'இன்னும் தகுதி பெறவில்லை' என்றால் தோற்றுவிட்டீர்கள் என்று அர்த்தம் இல்லை. பழகிவிட்டு வாருங்கள், மறுபடி பார்ப்போம். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறேன். இப்போது வாரம் மூன்று நாள் கைக்குழந்தைகள் அறையில் இருக்கிறார். நேற்று போன் செய்து, "கையுறையை விரிப்புக்குப் பக்கத்திலேயே வைத்தால் குழந்தை இழுக்கிறது மேடம், எங்கே வைப்பது?" என்று கேட்டார்.