கொழுகொழு குட்டியும் கோணல் காலும்

சென்னையில் லேப்ரடார் குட்டியோ ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியோ வாங்கி வருபவர்கள் கையில் பெரும்பாலும் கூடவே ஒரு கால்சியம் சிரப்பும் இருக்கும். விற்றவர் கொடுத்திருப்பார், அல்லது ஏற்கெனவே நாய் வளர்க்கும் எதிர் ஃபிளாட்காரர் சொல்லியிருப்பார். மூன்று மாதம் ஆகும்போது குட்டியின் முன்னங்காலில், பாதத்துக்குச் சற்று மேலே, எலும்பு புடைத்தாற்போலத் தெரியும். "எலும்புல வலு இல்ல சார், டோஸ ஏத்துங்க" என்பார்கள். டோஸ் ஏறும்.

அந்தப் புடைப்பு நோயில்லை. வலியோ நொண்டலோ இல்லாமல், இரண்டு காலிலும் ஒரே அளவில் இருந்தால், பெரிய இனக் குட்டிக்கு அந்த வயதில் அது இயல்புதான். எலும்பு நீளுகிற இடமே அதுதான்.

நீள எலும்புகளின் முனைக்குப் பக்கத்தில் மெல்லிய குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கும். வளர்ச்சித் தட்டு என்று அதற்குப் பெயர். அதிலுள்ள செல்கள் பிரிந்து, வரிசையாக அடுக்கி நின்று, உப்பி, கடைசியில் மடிகின்றன. அவை விட்டுப்போகும் சட்டத்தில் கால்சியம் படிகிறது, ரத்தக்குழாய்கள் நுழைகின்றன, புது எலும்பு உருவாகிறது. எக்ஸ்ரேயில் இந்தத் தட்டு கறுப்புக் கோடாகத் தெரியும். வளர்ச்சி முடிந்ததும் கோடு மறைந்துவிடும். சின்ன இனங்களில் எட்டு, பத்து மாதத்திலேயே மறையும். லேப்ரடார் அளவு நாய்களில் 12 முதல் 18 மாதம் ஆகலாம். கிரேட் டேன் மாதிரி ராட்சத இனங்களுக்கு அதற்கு மேலும் ஆகும்.

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது சுமார் அரை கிலோ, முக்கால் கிலோ இருக்கும். ஒன்றரை வருடத்தில் ஏறக்குறைய நூறு மடங்காகிவிடும். மனிதக் குழந்தை இருபது மடங்காக 18 வருடம் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு வேகத்தில் ஏறும் எடை முழுவதையும் இன்னும் எலும்பாகாத குருத்தெலும்பு தாங்க வேண்டும். கான்கிரீட் இறுகுவதற்குள் சென்ட்ரிங்கைப் பிரித்துவிட்டு மேலே அடுத்த மாடியை ஏற்றினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகும்.

முன்னங்காலை எடுத்துக்கொள்வோம். அதில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. அல்னாவின் நீளத்தில் 85 சதவீதம் போல, கீழ்முனையில் இருக்கும் ஒரே ஒரு தட்டிலிருந்துதான் வருகிறது. நாய்களுக்கு அந்தத் தட்டு தட்டையாக இல்லாமல் கூம்பு வடிவில் இருப்பதால் சுலபமாக அடிபடும். அது நின்றுபோய், ரேடியஸ் மட்டும் வளர்ந்துகொண்டே போனால் ரேடியஸுக்கு வளைவதைத் தவிர வேறு வழியில்லை. பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். இதைப் பார்த்ததும் வீட்டில் "கால்சியம் பத்தல" என்றுதான் முதலில் தோன்றும். காரணம் நேரெதிராகவும் இருக்கலாம்.

வளர்ந்த நாய் தேவைக்கேற்ப கால்சியத்தை உறிஞ்சும். மிச்சம் வெளியே போய்விடும். ஆறு மாதத்துக்குக் கீழான குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக அமைந்திருக்காது. கொடுப்பதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். ரத்தத்தில் கால்சியம் கூடும்போது ஹார்மோன்கள் எலும்பு கரைந்து மாறியமைவதை அடக்கிவைக்கும், குருத்தெலும்பு எலும்பாக மாறுவதும் தாமதமாகும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதைத்தான் கண்டார்கள்: கால்சியம் மிகுந்த உணவு தின்ற குட்டிகளுக்கு எலும்புக் கோளாறுகள் வந்தன.

இதனால்தான் பெரிய இனக் குட்டிகளுக்கான உணவில், ஈரம் நீக்கிய கணக்கில், கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தீவன விதிமுறை மேல்வரம்பே வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட பப்பி ஃபுட் தின்னும் குட்டிக்கு மேற்கொண்டு சிரப் தேவையில்லை.

ஆனால் வெறும் சோறும் சிக்கனும் தின்னும் குட்டியின் கதை வேறு. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். எலும்பு மெலிந்து, துள்ளி விளையாடும்போதே முறியலாம். அந்த வீட்டுக்குக் கால்சியம் தேவை, ஆனால் டாக்டர் கணக்குப் போட்டுத் தரும் அளவில். ஒரே பாட்டில் ஒரு வீட்டில் மருந்து, அடுத்த வீட்டில் வினை.

அப்புறம், மொட்டை மாடி வெயில். குட்டியைக் காலையில் மாடியில் விட்டால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நம் தோல் வெயிலில் செய்வதை நாயின் தோல் போதுமான அளவு செய்வதில்லை. அதற்கு வைட்டமின் டி சாப்பாட்டில்தான் வர வேண்டும். மே மாதத்து மாடியில் கிடைப்பது பாதம் சுடுவது மட்டும்தான்.

கால்சியத்தைவிடப் பெரிய வில்லன் என்று நான் சொல்வது நம் அன்பைத்தான். தொப்பையோடு உருண்டு வரும் குட்டியைப் பார்த்து "செம்ம வளர்த்தி" என்று மெச்சாதவர் இல்லை. ஆனால் நாய் கடைசியில் எவ்வளவு உயரமாகும் என்பதைப் பெரும்பாலும் மரபணுக்கள்தான் முடிவுசெய்கின்றன. அதிகம் ஊட்டினால் அந்த அளவைச் சீக்கிரம் எட்டுமே தவிர, எலும்புக்கூடு அதைவிடப் பெரிதாகிவிடாது. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்றவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் மூட்டுத் தேய்மானமும் குறைவு. ஆயுளும் நடுத்தரக் கணக்கில் 11.2 வருடத்திலிருந்து 13 வருடமாக நீண்டது. வேறெந்த மருந்தைப் பற்றி இப்படிச் சொல்லிவிட முடியும்?

சரி, குட்டி சரியாக வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒருநாள் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான்கு மாத லேப்ரடார் 12 கிலோ இருப்பது நல்லதா கெட்டதா என்று கேட்டால், போன மாதம் எவ்வளவு என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். அங்கன்வாடியில் குழந்தையின் எடையை மாதாமாதம் அட்டையில் புள்ளி வைத்துக் கோடாக இழுப்பார்களே, நாய்களுக்கும் அது வந்துவிட்டது. செல்லப்பிராணிகளின் ஊட்டச்சத்தை ஆராயும் வால்தம் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டைகள் 12 வாரம் முதல் 2 வயது வரை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, வளர்ந்தபின் 40 கிலோ வரை எட்டும் நாய்களுக்குக் கிடைக்கின்றன. பிரிவுகள் இனத்தை வைத்து இல்லை, வளர்ந்தபின் வரும் எடையை வைத்துத்தான். அதனால் தாய் தகப்பனின் எடை தெரிந்தால் ராஜபாளையம் வளர்ப்பவரும் பயன்படுத்தலாம்.

ஆறு மாதம் வரை வாரம் ஒருமுறை, காலையில் சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் தராசில் ஏறுங்கள். அது முகத்தை நக்கிக்கொண்டு நெளியும், முள் ஆடும், நிற்கும்வரை பொறுங்கள். பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். தூக்க முடியாத கனம் வந்ததும் கிளினிக் தராசுதான் வழி. பெரிய இனக் குட்டி ஏறக்குறைய ஐந்து மாதத்தில் வளர்ந்த எடையில் பாதியை எட்டும். அதன்பின் வேகம் குறைவது இயல்பு. "சரியா வளரல" என்று சாப்பாட்டைக் கூட்டிவிடாதீர்கள்.

புள்ளிகள் அட்டையில் அச்சிட்டிருக்கும் ஏதோ ஒரு கோட்டை ஒட்டியே போனால் நல்லது, அது கீழ்க்கோடானாலும் சரி. இரண்டு கோடுகளைத் தாண்டி மேலே போனால் தீனி அதிகம். கீழே சரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை குடற்புழுவும், இந்த ஊரில் உண்ணிக் காய்ச்சலும். கத்திரி வெயிலில் ஒரு வாரம் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவதற்குப் பதறத் தேவையில்லை, மற்றபடி துறுதுறுவென்று இருந்தால்.

தராசோடு கையும் வேண்டும். விலாவில் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். தேடினால்தான் விலா கிடைக்கிறது என்றால் அட்டை என்ன சொன்னாலும் குட்டி குண்டு.

மாடிப்படி பற்றியும் ஒரு வார்த்தை. நார்வேயில் நான்கு பெரிய இனங்களைக் கவனித்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் படியேறிப் பழகிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகமாகவும், மேடுபள்ளமான மென்தரையில் கட்டவிழ்த்து ஓடியவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் அதுவரை தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வழவழ டைல்ஸில் ரப்பர் பாய் போடுவதும் நல்லது.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, நொண்டல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். அல்னா தட்டு மூடிக்கொண்டது சீக்கிரம் தெரிந்தால், மிச்ச வளர்ச்சி இருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்து ரேடியஸ் மேலும் வளையாமல் பார்த்துக்கொள்ள முடியும். போகும்போது எடை எழுதிய அட்டையையும், குட்டி தின்னும் பாக்கெட்டின் உறையையும், அந்த சிரப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.